இறந்துவிட்டாராம்

மலையைக் குடைந்து சாலை போடும் அந்த வேலையிடத்தில் எல்லோரும் அவளைத் துபாஷி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆத்திரம் வந்த நாட்களில் மட்டும் ‘ரெட்டை நாக்கு’ என்பார்கள். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் பேசியது சீனம். துளை போடுகிறவர்கள், வெடி வைக்கிறவர்கள், கல் அள்ளுகிறவர்கள் பேசியது உஸ்பெக். நடுவில் இவள் ஒருத்தி. இந்தப் பக்கத்துக் கோபம் அந்தப் பக்கம் போவதும், அந்தப் பக்கத்துக் கிண்டல் இந்தப் பக்கம் வருவதும் அவள் வாய் வழியாகத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. அவளுக்கு அது உத்தியோகம்.

உஸ்பெக் அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. சீனம் ஒரு செருப்புக் கிடங்கில் வந்தது. படிப்பை முடித்துவிட்டு அங்கே விலை சொல்லும் வேலைக்குச் சேர்ந்தவள், சாயங்கால வகுப்பில் கற்றதை மறுநாள் காலையில் வாடிக்கையாளர்கள் மேல் பரிசோதித்துப் பார்ப்பாள். சீனத்தில் வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே ஓசைதான், ‘மாய்’. குரல் கீழே இறங்கி மேலே ஏறினால் வாங்குவது, மேலிருந்து தொப்பென்று விழுந்தால் விற்பது. சேர்ந்த புதிதில் தொலைபேசியில் ஒருவரிடம், “நாங்க செருப்பு விக்கிறோம்” என்று சொல்ல நினைத்து, “நாங்க செருப்பு வாங்குறோம்” என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் ஊரில் இருந்த பழைய செருப்பையெல்லாம் சாக்கு மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து கிடங்கு வாசலில் இறக்கினார். முதலாளி சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் சீனத்தை வாயால் மட்டும் பேசவில்லை, கழுத்தாலும் தாடையாலும் பேசினாள்.

“ரெண்டுல எது கஷ்டம்?” என்று அவள் கணவன் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். உஸ்பெக்கைத் தவிர அவனுக்குத் தெரிந்த இன்னொரு மொழி ஹாரன்தான் என்று அவள் கேலி செய்வாள்.

“சீனத்துல சொல்லு மாறவே மாறாதுங்க. நேத்து வந்தாலும் லாய், நாளைக்கு வந்தாலும் லாய். நான் வந்தாலும் நீங்க வந்தாலும் அதே லாய்தான். கல்லு மாதிரி. வரிசையா அடுக்கத் தெரிஞ்சா போதும். உஸ்பெக்குல அப்படியா? சொல்லுக்குப் பின்னாடி வால் வளர்ந்துக்கிட்டே போகும். கடைசி வால் முளைக்கிற வரைக்கும் வந்தானா வரலையான்னே தெரியாது.”

“எங்கம்மா பேசற மாதிரின்னு சொல்லு.”

“அதை நீங்க சொன்னதா உங்கம்மாகிட்ட மொழிபெயர்த்துடவா?”

வேலையில் அந்த வாலால் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொழிலாளி ஒருவன் நீளமாக முறையிட்டுக்கொண்டிருப்பான். பொறியாளர் பொறுமையிழந்து, “என்ன சொல்றான்?” என்று கேட்பார். அவள் விரலைத் தூக்கிக் காட்டுவாள். வினைச்சொல் இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் அவன் செய்தானா, செய்யவில்லையா, செய்ய முடியவில்லையா என்று தெரியும். சீனத்தில் ‘இல்லை’ முன்னாலேயே வந்து நின்றுவிடும். அதை உஸ்பெக்கில் சொல்ல வேண்டுமென்றால் சூடான தண்ணீரை வாயில் ஒதுக்கி வைத்திருப்பதுபோல் கடைசிவரை வைத்திருந்து வினைச்சொல்லில்தான் துப்ப வேண்டும்.

உறவு முறையில் மட்டும் இரண்டு மொழிகளும் சொல்லி வைத்ததுபோல் ஒத்துப்போகும். அண்ணன் வேறு, தம்பி வேறு. அக்கா வேறு, தங்கை வேறு. தாய்மாமனுக்குத் தனிச்சொல். நம்மைப் போலத்தான். அதனால் இரண்டு பக்கத்து ஆண்களும் அவளை அக்கா என்றோ தங்கச்சி என்றோ கூப்பிடும்போது அதை மட்டும் அவள் மொழிபெயர்க்க வேண்டியிருக்காது.

ஒத்துப்போகாத ஒன்று இருந்தது. தமிழில் ‘வந்தான்’ என்கிறோம், ‘வந்தானாம்’ என்கிறோம். முதலாவது நாம் பார்த்தது, இரண்டாவது காதில் விழுந்தது. அந்த ‘ஆம்’ உஸ்பெக்கில் வினைச்சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. கெல்தி என்றால் வந்தான். எனக்குத் தெரியும், நான் சாட்சி. கெலிப்தி என்றால் வந்தானாம், வந்திருக்கிறான் போலிருக்கிறது, நான் பார்க்கவில்லை. சீன வினைச்சொல்லில் இதற்கு இடமே இல்லை. வேண்டுமானால் ‘கேள்விப்பட்டேன்’ என்று தனியாக ஒரு சொல் போட்டுக்கொள்ளலாம். போடாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உஸ்பெக்கில் அப்படித் தப்பிக்க முடியாது. வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

சம்பளத் தகராறிலும் பல்வலியிலும் இது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. சாவுச் செய்தி சொல்லப் போனபோதுதான் இது அவள் கழுத்தைப் பிடித்தது.

அதுவும் அவள் வேலைதான். யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. முன்பு கல் லாரி பின்னோக்கி வந்து ஒருவரை நசுக்கியபோது, அலுவலகத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளைப் பார்த்தார்கள். அந்த உடலை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். வீட்டு வாசலில் நின்று ‘இறந்துவிட்டார்’ என்று சொன்னாள். வால் தானாக வந்தது. அந்த வீட்டில் அழுகை எழுந்தது. அவள் திரும்பி வந்து கை கழுவினாள்.

சுரங்கத்தின் கூரை விழுந்தது ஒரு காலை நேரத்தில். உள்ளே துளை போட்டுக்கொண்டிருந்த குழு தூசியோடு தூசியாக இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தது. வந்தவர்களில் குழுத் தலைவன் இல்லை. துளைக்காரர் என்றால் அந்த இடத்தில் அவன் ஒருவனைத்தான் குறிக்கும். பாறையைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசலா ஈரமா என்று சொல்கிறவன். மற்றவர்களை முன்னால் தள்ளிவிட்டு, இயந்திரத்தை அணைக்கத் திரும்பியிருக்கிறான். அவனுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் மலை உட்கார்ந்துவிட்டது.

இரண்டு நாள் தேடினார்கள். தலைமைப் பொறியாளர் கண்ணாடி முழுக்கத் தூசி படிய அங்கேயே கிடந்தார். மூச்சு வாங்க நிற்கிற நேரத்தில் மட்டும் கண்ணாடியைத் துடைப்பார். கல்லை எடுக்க எடுக்க மேலிருந்து கல் வந்தது. இரண்டாம் முறை கூரை சரிந்தபோது, மீட்கப் போனவர்களில் ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பொறியாளர் அன்றைக்கே தேடுதலை நிறுத்தினார். அந்த வழியை அடைத்துவிட்டு, பக்கத்தில் சுற்றுவழி குடைவது என்று முடிவானது.

அவளைக் கூப்பிட்டார். “தா ஸோ ல” என்றார். அவர் போய்விட்டார். சீனத்தில் மூன்று எழுத்து. நம் ‘போயிட்டாரு’ மாதிரியே அதற்கும் கடைக்குப் போனதும் உண்டு, கடைசியாகப் போனதும் உண்டு. அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“பார்த்தீங்களா சார்?”

“எதைப் பார்க்கிறது? நடுவுல மலை கிடக்கு. அவர் மனைவிகிட்டப் போய்ச் சொல்லுங்க. மத்தவங்க வாயால அந்தம்மா கேட்கக் கூடாது.”

துளைக்காரரின் மனைவி அங்கேயே தொழிலாளர் குடியிருப்பின் சலவை அறையில் வேலை பார்த்தாள். மூன்று பெரிய இயந்திரங்கள், நடுவில் மேசை, சுவரோரம் மடித்து அடுக்கிய போர்வைகள். கணவன் உள்ளே மாட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் துணி சேர்ந்துவிடும் என்று மற்றப் பெண்களிடம் சொன்னாளாம். துபாஷி உள்ளே போனபோது அவள் ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை. துபாஷி போய் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

பிறகு துபாஷி வாயைத் திறந்தாள். வரும் வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்தது ‘வஃபோத் எத்தி’ என்பதை. இறந்துவிட்டார். வாயிலிருந்து வந்தது ‘வஃபோத் எதிப்தி’. இறந்துவிட்டாராம்.

அவள் பார்க்கவில்லை. நாக்குக்கு அது தெரிந்திருந்தது.

மனைவி மடித்த போர்வையை மேசையில் வைத்தாள். “யாரு சொன்னது?”

“பொறியாளர்.”

“அவர் பார்த்தாரா?”

“இல்லக்கா. அங்க போக முடியல.”

“நீ பார்த்தியா?”

“இல்லக்கா.”

“சரி” என்றாள் மனைவி. அடுத்த போர்வையை எடுத்தாள். “அந்தப் பக்கம் பிடி.”

அன்றைக்கு அங்கே அழுகை எழவில்லை. மறுநாளும் எழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். “யாருக்கு என்ன ஆச்சுன்னு அழ வந்தீங்க? நல்லா இருக்கிறவரைச் சாகடிக்காதீங்க” என்றாள். இழப்பீட்டுக் காகிதத்தோடு வந்த எழுத்தரிடம், “அவரே வந்து கையெழுத்துப் போடுவாரு” என்றாள். வேலை முடிந்ததும் நேராகச் சுரங்க வாயிலுக்குப் போவாள். உள்ளிருந்து தண்ணீர் வடிகிற இரும்புக் குழாய் ஒன்று அங்கே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் காதை வைத்து உட்கார்ந்திருப்பாள். தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று ஒருநாள் சொன்னாள். அது தீயாகப் பரவியது. தட்டுகிறானாம், கூப்பிடுகிறானாம், பேர் சொல்கிறானாம் என்று ஆளுக்கொரு ‘ஆம்’ போட்டார்கள். பொறியாளர் அதைக் கேட்டதும் ஓடி வந்து தானும் குழாயில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது என்றார். இரண்டு மூன்று நாளில் அவளுக்கும் கேட்காமல் போனது. பாவம், பித்துப் பிடித்துவிட்டது என்று ஊர் அந்தப் பேச்சை மூடிவிட்டது.

அவள் மட்டும் போய் உட்காருவதை நிறுத்தவில்லை. குளிர் வந்தது. குழாய் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டுப்போனது. காதில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஒரே மகளை, பள்ளிக்கூடம் போகிற பெண்ணை, துளைக்காரர் மனைவியின் அண்ணன் வந்து தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் அவர் துபாஷியின் வீட்டுக் கதவை வேகமாகத் தட்டினார்.

“ஏம்மா, உனக்கு நாக்குல என்ன இருக்கு? ஒரே சொல்லு! ‘இறந்துட்டார்’னு ஒரே சொல்லு ஒழுங்கா சொல்லியிருந்தா என் தங்கச்சி அழுது தீர்த்திருப்பா. புண்ணு ஆறியிருக்கும். நீ அவளை உயிரோட தொங்க விட்டுட்டே.”

“நான் பார்க்கலண்ணே.”

“பார்க்காம எத்தனையோ சொல்றோம். சூரியன் எவ்வளவு தூரம்னு பார்த்துட்டா சொல்றோம்?”

அவர் அழுதுகொண்டே படியிறங்கிப் போனார். பின்னால் பள்ளிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் போனாள்.

அதே வாரம் பொறியாளரும் கூப்பிட்டார். “நான் சொன்னதைத்தானே அந்தம்மாகிட்டச் சொன்னீங்க?”

அவள் விளக்க முயன்றாள். உஸ்பெக்கில் இப்படி ஒரு வால் உண்டு, அப்படி ஒரு வால் உண்டு என்றாள்.

“சீனத்துலயும் ‘கேள்விப்பட்டேன்’னு ஒரு சொல் இருக்கு. நான் அதைச் சொன்னேனா?”

“இல்ல சார்.”

“அப்போ நீங்களாச் சேர்த்திருக்கீங்க.”

“அது இல்லாமச் சொன்னா ‘எனக்குத் தெரியும்’னு சேர்த்ததா ஆயிடும் சார். நீங்க அதையும் சொல்லல. எதைச் சொன்னாலும் நான் ஏதோ ஒண்ணைச் சேர்த்துத்தான் ஆகணும். சேர்க்காமச் சொல்ல அந்த மொழியில வழியில்ல.”

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. தூங்கி நாளாகிப்போன கண்கள். “போய் மறுபடியும் சொல்லுங்க. இந்தத் தடவை திட்டவட்டமாச் சொல்லுங்க. அந்தம்மா குளிர்ல செத்துப்போவாங்க” என்றார்.

போனாள். குழாய்க்குப் பக்கத்தில் மனைவி கால்களைச் சாக்கில் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துபாஷியைப் பார்த்ததும், “பார்த்துட்டு வந்தியா?” என்று கேட்டாள். துபாஷி தலையை ஆட்டினாள், இல்லை என்று. கொண்டுவந்த வெந்நீர்க் குடுவையை அவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டில் கணவனிடம், “பொய் சொல்றது இவ்வளவு கஷ்டமாங்க?” என்றாள். “உனக்கு ரெண்டு மொழி இருக்கு, ஒண்ணுல கூடவா வரல?” என்று அவன் சிரிப்பு மூட்டப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

பனி உருகும் காலத்தில் சுற்றுவழி குடைந்தவர்கள், அடைபட்ட பகுதிக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தில் போய் முட்டினார்கள். தகவல் அலுவலகத்துக்கு வந்தபோது துபாஷி அங்கே இருந்தாள். “நானும் வரேன் சார்” என்றாள்.

“நீங்க எதுக்கு? அங்க பேச என்ன இருக்கு?”

“பேச இல்ல. பார்க்க.”

அவர் வேண்டாம் என்றார். அவள் ஏற்கெனவே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பொறியாளரும், உஸ்பெக் தொழிலாளர்கள் இரண்டு பேரும், அவளும் போனார்கள். கடைசிப் பகுதியில் ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. உள்ளே ஒரு சின்ன அறை அளவுக்கு இடம். விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது இயந்திரத்தின் மஞ்சள் நிறம். அதில் சாய்ந்து அவன் உட்கார்ந்திருந்தான். முகத்தை அவள் பார்த்தாள். பார்க்கத்தானே வந்தாள். அதைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

மற்றவற்றையும் பார்த்தாள். வலது காலில் சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டுப் போட்டிருந்தது. கட்டை ஒரு தடவைக்கு மேல் அவிழ்த்து மாற்றியிருந்தான்; கறை படிந்த பழைய துணிகள் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் அவனுடைய சாப்பாட்டு டப்பா. படுக்க வசதியாகக் கற்களை ஒதுக்கி, சாக்கு விரித்திருந்தான். பக்கத்தில் வடிகால் குழாய். கையெட்டும் உயரத்தில் அந்தக் குழாய் முழுக்க நசுங்கல்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிய. கீழே ஒரு ஸ்பேனர் கிடந்தது.

தொழிலாளிகளில் ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பொறியாளர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், வெளிச்சத்தில் கண் கூச நின்றபடி அவர் சொன்னார்: “அந்த இடத்திலேயே, உடனே இறந்துட்டார்னு சொல்லுங்க.” அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். “அந்தம்மாவுக்காகச் சொல்றேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “எனக்காகவும்தான்” என்றார்.

மனைவி சலவை அறையில் இருந்தாள். துபாஷியின் முழங்கையிலும் முழங்காலிலும் இருந்த சேற்றைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். மற்ற இரண்டையும் போய் நிறுத்தினாள். அறை அமைதியானது.

“பார்த்துட்டியா?”

“பார்த்தேன்க்கா.”

“சொல்லு.”

“இறந்துட்டார்” என்றாள் துபாஷி. ‘ஆம்’ இல்லை.

மனைவி கீழே உட்கார்ந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தம் கேட்டு வெளியே நின்ற பெண்கள் ஓடி வந்தார்கள். அத்தனை மாதத்து அழுகையும் ஒரே மூச்சில் வந்தது. அது ஓய்ந்தபோது, துபாஷியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “உடனேயா போனாரு? கஷ்டப்பட்டாரா?”

பெண்கள் எல்லோரும் துபாஷியைப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணாலேயே ‘உடனேன்னு சொல்லு’ என்றாள். பொறியாளரின் வாக்கியம் அவள் வாயில் தயாராக இருந்தது. சொன்னாள். ஆனால் இப்படிச் சொன்னாள்: “அந்த இடத்திலேயே, உடனே இறந்துட்டாராம்.”

மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. மனைவி அவள் கண்ணையே பார்த்தாள். உஸ்பெக் காதுக்கு இதைவிட உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துவிட்டு வந்தவள், இறந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறாள். உடனே இறந்ததை மட்டும் யாரோ சொன்னதாகச் சொல்கிறாள்.

அன்றைக்கு அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினாள். புதைத்த பிறகு, அண்ணனும் தங்கையும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். தேடுதலை நிறுத்தியபோது அவர் உயிரோடு இருந்தார் என்று.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. நாற்காலிகள் ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். விசாரணை அதிகாரி சீனம் பேசுகிறவர். துபாஷியே ஒரு சாட்சி என்பதால் மொழிபெயர்க்க வேறொருவனைக் கொண்டுவந்திருந்தார்கள். இளம்பிள்ளை, நல்ல உச்சரிப்பு, வேகம். மனைவி எழுந்து சொன்னாள்: “அவர் உடனே இறந்துட்டாராம்னு இந்தப் பொண்ணு வந்து சொல்லுச்சு.” அவன் சீனத்தில் சொன்னான்: “அவர் உடனே இறந்துவிட்டார் என்று இந்தப் பெண் வந்து சொன்னாள்.”

துபாஷி அந்த ‘ஆம்’ தரையில் விழுவதைக் கேட்டாள். எழுந்தாள். கம்பியில் கோத்த நாற்காலிகள் எல்லாம் குலுங்கின. உட்காரச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை செய்ததைப் பிழை என்று சொல்லவும் முடியாது. அந்த இடத்தில் எத்தனையோ தடவை அவளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

அவள் முறை வந்தபோது சீனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டு, டப்பா, சாக்கு, குழாய், ஸ்பேனர். கண்ணால் பார்த்தேன் என்றாள். கூட வந்த தொழிலாளிகளைக் கேட்டார்கள். இருட்டாக இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை என்றான் ஒருவன். மற்றவன், கல் விழுந்து குழாய் நசுங்கியிருக்கலாம் என்றான். இருவருக்கும் அடுத்த மாதமும் அங்கே வேலை இருந்தது. பொறியாளர், தேடுதலை நிறுத்தியது தன் முடிவு, மீட்கப் போனவர்கள் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நினைத்தேன் என்றார். குழாயைப் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, நினைவில்லை என்றார்.

அதிகாரி துபாஷியிடம் திரும்பினார். “இவ்வளவையும் பார்த்தவங்க, உடனே இறந்துட்டார்னு அந்தம்மாகிட்ட ஏன் சொன்னீங்க?”

“அப்படிச் சொல்லல சார். இறந்துட்டாராம்னு சொன்னேன்.”

அதைச் சீனத்தில் சொல்லும்போது, ‘இறந்ததாகக் கேள்விப்பட்டேன்’ என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

“பார்த்தவங்களே நீங்கதான். நீங்க யார்கிட்டக் கேள்விப்பட்டீங்க?”

அவள் பொறியாளரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. “அவர்கிட்ட” என்றாள். அவர் மறுத்தார். குரல் எழவே இல்லை, ஆனாலும் மறுத்தார்.

“ஒண்ணு சொன்னீங்க, இல்ல சொல்லல. ரெண்டுல ஒண்ணுதான்” என்றார் அதிகாரி. முடிவு அன்றைக்கே வந்துவிட்டது. உடனடி மரணம்.

வெளியே நடைபாதையில், தண்ணீர்க் குழாயடியில் மனைவி நின்றிருந்தாள். அண்ணன் தள்ளி நின்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். உள்ளே துபாஷி பேசியதெல்லாம் சீனம். அதில் ஒரு சொல்லும் மனைவிக்குப் புரிந்திருக்கவில்லை. சாட்சியை அந்தப் பிள்ளை அவளுக்கு உஸ்பெக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“உள்ள என்ன சொன்னே?” என்று கேட்டாள்.

துபாஷி சொன்னாள். உஸ்பெக்கில், முதலிலிருந்து, ஒவ்வொரு வினையையும் பார்த்த வினையாக. காலைக் கட்டினார். கட்டை மாற்றினார். டப்பாவைச் சொட்டுக்கு அடியில் வைத்தார். சாக்கை விரித்தார். குழாயைத் தட்டினார். அவன் அதையெல்லாம் செய்தபோது இவள் அங்கே இல்லை. செய்த கைகளின் தடத்தைத்தான் பார்த்தாள். இலக்கணப்படி அதற்கும் ‘ஆம்’ போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், “தண்ணி இருந்துச்சா அந்த டப்பாவுல?” என்றாள்.

“இருந்துச்சுக்கா.”

“நான் கேட்டேன்ல, அந்தத் தட்டுற சத்தம்.”

“ஆமாக்கா.”

“பதிலுக்கு நானும் தட்டினேன். கல்லை வெச்சு. யாரும் பார்க்கல.” அவள் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவருக்குக் கேட்டிருக்கும்ல?”

துபாஷியால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. எந்த மொழியிலும் இல்லை. அண்ணன் வந்து, பஸ் புறப்படப் போகிறது என்று தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவர் துபாஷியைத் திட்டவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அந்த இளம்பிள்ளை அவள் மேசைக்கு வந்தான். சில மாதங்களில் பொறியாளரும் வேறு மலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன் ஒருநாள் அவள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிப் போனதைக் கணவன் வேனிலிருந்து பார்த்திருக்கிறான். “வந்தாரு” என்றுதான் அவன் சொன்னான்.

இப்போது அவள் துணி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் இருக்கிறாள். கஜம் எவ்வளவு, சாயம் போகுமா, சுருங்குமா என்று கேட்பதை அங்கே இங்கே மாற்றிச் சொல்கிறாள். வியாபாரிகளுக்கு அவளைப் பிடிக்கும், அவசரப்பட மாட்டாள். சாயம் போகாதாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுகிறாள் என்று முதலாளிக்கு மட்டும் அவள்மேல் வருத்தம். சுரங்கம் திறந்தாகிவிட்டது. மலையைச் சுற்றிப் போன பழைய சாலையில் இப்போது வண்டி அதிகம் இல்லை. கணவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தினமும் சுரங்கம் வழியாகத்தான் போய்வருகிறான். உள்ளே நுழையும்போது பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், எதிரொலிக்காக. அதை அவன் வீட்டில் சொல்வதில்லை.